பானட்டுக்கு அடியில் ஒரு மெத்தை

பஞ்சக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் பஞ்சக்காதான். காலையில் கறுத்த தலையோடு உள்ளே போவாள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தலைமுடி, புருவம், காதுமடல் என்று எங்கும் பஞ்சுத்தூசி அப்பியிருக்கும். அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவர், அவள் படியேறும்போதெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"காலையில நான் அனுப்பி வைக்கிறது என் பொண்டாட்டிய. சாயங்காலம் திரும்பி வர்றது எங்க மாமியார்."

அந்தத் தொழிற்சாலையில் பிக்கப் வண்டிகளில் எஞ்சினை மூடும் பானட்டுக்கு உட்புறம் பொருத்துகிற மெத்தை செய்தார்கள். துணிக்கழிவைக் கிழித்துப் பஞ்சாக்கி, பிசின் தூள் கலந்து, கனமான போர்வைபோலப் பரப்பி, மேலே கறுப்புத் துணி ஒன்றைப் போட்டுச் சூடான அச்சில் வைத்து அழுத்துவார்கள். உள்ளே போகும்போது தொளதொளவென்று இருப்பது, ஒரு நிமிஷம் கழித்து அட்டைபோல விறைத்து, மேடும் பள்ளமுமாக வெளியே வரும். அதை இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்து, ஓரத்தின் பிசிறு வெட்டி, கிளிப் மாட்டுவதற்குப் பதினொரு ஓட்டை போட்டு, தராசில் வைத்து எடை பார்த்து அடுக்குவது பஞ்சக்காவின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே மேஜை. கண்ணை மூடிக்கொண்டே பதினொரு ஓட்டையும் போடுவாள் என்று சொல்வார்கள். அவள் மூடுவதில்லை. மூடினால் விரல் போய்விடும் என்பாள்.

அவள் மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மருந்துக்கடைக்கு எதிரே பழக்கடை. அங்கே தினமும் பிக்கப்பில் பழக்கூடை கொண்டுவந்து இறக்குகிற வண்டிக்காரரின் மகன், அப்பாவுக்குக் கூடமாட உதவ வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்க ஆரம்பித்தான். ஆறு மாதத்தில் இரண்டு வீட்டிலும் விஷயம் தெரிந்தது. யாருக்கும் மறுப்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள்.

வண்டிக்காரர் பருத்த ஆள், குரலும் பருத்தது. பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசினார். பேச்சுவாக்கில் பஞ்சக்காவின் பக்கம் திரும்பினார்.

"சம்மந்தியம்மா, நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"பிக்கப் வண்டி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குமே, கறுப்பா ஒரு மெத்தை. அது எங்க கம்பெனியில செய்யறதுதான், அண்ணா."

"அதுவா? என் வண்டியில இருந்ததை அன்னைக்கே பிச்சு எறிஞ்சிட்டேனே. ஆறு வருஷம் ஆச்சு, வண்டி குதிரை மாதிரி ஓடுது. எதுக்குங்க அது? சும்மா அழகுக்கு வச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சக்காவும் சிரித்தாள். தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், கழுவிய கோப்பையையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். அவர்கள் கிளம்பிப் போனபிறகு தையல்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அவரு சொன்னது குத்திருச்சா?"

"குத்தல. ஆனா எதுக்குங்க அதுன்னு கேட்டாரே, எனக்குப் பதில் வரலையே."

உண்மையும் அதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் மெத்தை அவள் கை வழியாகப் போயிருக்கும்! ஓட்டைக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு இடைவெளி, எடை எத்தனை கிராம் குறைந்தால் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். அது எதற்கு என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. வண்டிக்குள் மாட்டிய நிலையில் ஒன்றைக்கூட அவள் பார்த்தது கிடையாது. அவர்கள் வீட்டில் சைக்கிள்தான்.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டாள். "வரைபடத்துல இருக்கு, செய்யறோம்" என்றார் அவர். அச்சு இயந்திரத்தில் நிற்பவள் சத்தத்தை அடக்க என்றாள். பிசின் கலக்குபவர் மழைத்தண்ணீர் எஞ்சினில் இறங்காமல் இருக்க என்று அடித்துச் சொன்னார். பானட்டே மூடித்தானே இருக்கிறது, அதற்குள் மழை எப்படி வரும் என்று அவள் கேட்டதும் அவர் பிசின் மூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

கடைசியில் சாப்பாட்டு இடைவேளையில் சோதனை அறைக்குப் போனாள். அங்கே வேலை பார்த்த பெண்ணுக்குத் தீக்குச்சி என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். தினமும் எதையாவது கொளுத்திக்கொண்டே இருப்பாள் என்பது இன்னொன்று.

"இவ்வளவு வருஷத்துல இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்க்கா" என்று சொன்ன தீக்குச்சி, சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

முதலில் மின்சார அடுப்பு ஒன்றைப் போட்டு, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பெயின்ட் அடித்த தகட்டை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டைத் தொடச் சொன்னாள். பஞ்சக்கா விரலை வைத்த வேகத்தில் எடுத்தாள். பிறகு வேறொரு தகட்டின் அடியில் மெத்தைத் துண்டு ஒன்றைக் கவ்வவைத்து அதே அடுப்பின் மேல் நிறுத்தினாள். அதே அளவு நேரம். இந்த முறை பஞ்சக்கா உள்ளங்கையையே வைத்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"எஞ்சின் சூடு நேரா பானட் தகட்டுல படாம இது தடுக்குது. இல்லேன்னா வருஷக்கணக்கா சூடு ஏறி ஏறி பெயின்ட் செத்துப்போகும்."

"அந்தச் சூடு வெளிய போகலேன்னா எஞ்சின் கெட்டுராதா? எங்க சம்மந்தி அப்படித்தான் சொல்வார் போலிருக்கு."

"எஞ்சின் சூட்டை எடுத்துட்டுப் போறது ரேடியேட்டர் தண்ணியும் ஃபேனும். அந்த வேலைய யாரும் பானட் தகட்டுக்குக் குடுக்கலக்கா."

சத்தத்துக்கும் ஒரு வேடிக்கை காட்டினாள். கத்துகிற மணி ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். காது கிழிந்தது. பெட்டிக்குள் மெத்தைத் துண்டுகளை வைத்து மறுபடி மூடினாள். மணி நிற்கவில்லை. ஆனால் அடுத்த அறையில் அடிப்பதுபோல இருந்தது. கடைசியில் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து அதன் அடியில் நெருப்பைக் காட்டி, பதினைந்து வரை எண்ணி, நெருப்பை விலக்கினாள். துண்டின் விளிம்பு கருகிச் சிவந்தது. அவ்வளவுதான். தானே அணைந்துவிட்டது.

"வாராவாரம் இதைப் பண்றேன். எஞ்சின்ல எங்கயாவது தீ புடிச்சா இது கூடச் சேர்ந்து எரியக்கூடாது. சில வண்டிகள்ல கிளிப் உருகி, மெத்தை தீ மேலயே விழுந்து கொஞ்சம் அமுக்கும்னும் சொல்வாங்க. அதை நம்பி யாரும் இருக்கக்கூடாது. ஆனா இறங்கி ஓடறதுக்குக் கொஞ்சம் நேரம் கிடைச்சா நல்லதுதானே."

பஞ்சக்கா கருகிய துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அன்று மதியம் மேஜைக்குத் திரும்பியவள், வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தாள் என்று பக்கத்து மேஜைக்காரி பிறகு சொன்னாள்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் போனது. மகளைப் பார்க்கப் போகும் நாளுக்காக பஞ்சக்கா மேலாளரிடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தாள். கழிவில் ஒதுக்கிய மெத்தை ஒன்று வேண்டும், சொந்த உபயோகத்துக்கு. மேலாளர் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சம்மந்தியின் வண்டி என்ன மாடல் என்று மகள் மூலம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டதால், அதற்குரியதையே கழிவுக் குவியலில் தேடி எடுத்தாள். ஆள் அகலத்துக்கு இருந்த அதை அவளும் தையல்காரரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறினார்கள்.

"என்னம்மா இது, ஆமை ஓடு மாதிரி?" என்றார் நடத்துனர்.

"மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர்" என்றார் தையல்காரர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

சம்மந்தி வீட்டு வாசலில் பிக்கப் நின்றிருந்தது. ஒரு காலத்தில் நல்ல நீலம். பானட்டின் நடுவில் மட்டும் வட்டமாகச் சாம்பல் பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டிக்கொண்டது. பஞ்சக்கா உள்ளே போகாமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் வெளியே வந்தார். கையில் மெத்தையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அட, அதையே தூக்கிட்டு வந்துட்டீங்களா? வேணாம் சம்மந்தியம்மா. பழசுல எலி குடும்பம் நடத்திச்சு. அந்த நாத்தம் புடிக்காமத்தான் பிச்சேன். அதுக்கப்புறம்தான் எஞ்சின் நல்லா மூச்சு விடுது."

"இங்க ஏன் அண்ணா இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வெயில்ல நிக்கிற வண்டி, வெளுக்காதா?"

"வெயில்னா கூரையும் வெளுத்திருக்கணுமே. கூரை பளபளன்னு இருக்கு. கதவு நல்லா இருக்கு. எஞ்சினுக்கு மேல மட்டும் வெயில் தனியா அடிக்குதா?"

வண்டிக்காரர் கூரையைப் பார்த்தார், பானட்டைப் பார்த்தார். ஆறு வருஷமாக தினமும் பார்க்கிற வண்டிதான். ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறவர்.

"இருக்கட்டும். எனக்கு இதுதான் வசதி."

"என்ன வசதின்னு சொல்லுங்களேன்" என்று உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். அப்படியே வெளியே வந்து, பஞ்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரே சொல்லட்டும் என்பதுபோலப் பார்த்தாள். அவர் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். அதனால் அவளே சொன்னாள்.

"மத்தியானம் வண்டிய நிறுத்திட்டு, சாப்பாட்டு டப்பாவ பானட் மேல வச்சிருவார். கால் மணி நேரத்துல சுடச்சுட ஆயிரும். அதுதான் வசதி. எஞ்சின் மூச்சு விடுதாம், மூச்சு. விடறது இவரோட வயிறு."

வண்டிக்காரர் கழுத்தைச் சொறிந்தார். "ஆறிப்போன சாப்பாடு எனக்கு இறங்காது" என்றார், அவருடைய குரலுக்கு மிகவும் சின்னக் குரலில்.

பஞ்சக்காவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் அந்த இடத்தில் போய்விட்டது. வீம்புக்குப் பிய்த்து எறிந்த மனிதன் என்று நினைத்திருந்தாள். இவர் தெருவோரம் தனியாக நின்று, சூடான ஒரு வாய்ச் சாப்பாட்டுக்காக பானட்டை அடுப்பாக்கிக்கொண்டவர். அதற்குமேல் அவள் வாதாடவில்லை. மெத்தையை பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, மகள் கையால் சாப்பிட்டுவிட்டு, இருவரும் திரும்பினார்கள்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தவள், இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னால் கணவரிடம் சொன்னாள்.

"சூட்டை வெளிய விடாம தடுக்கறது சூட்டை உள்ளயும் வச்சுக்கும்தானே?"

"போர்வை அதைத்தானே பண்ணுது" என்றார் தையல்காரர்.

அடுத்த நாள் சம்மந்தியின் மனைவியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, டப்பா எவ்வளவு உயரம் என்று கேட்டாள். ஒரு சாணும் நாலு விரலும் என்று பதில் வந்தது. பிசின் கலப்பதற்கு முந்தைய சுத்தமான பஞ்சில் கொஞ்சம் தொழிற்சாலையில் கேட்டு வாங்கிவந்தாள். தையல்காரர் அதை இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவில் வைத்துத் தைத்து, மேலே ஜிப்பும் கைப்பிடியும் உள்ள ஒரு பையாக்கினார். மெஷின் ஊசி இரண்டு உடைந்தன. மூன்றாவது ஊசியில் பை முடிந்தது. பார்ப்பதற்குக் குட்டித் தலையணைபோல இருந்தது.

அந்தப் பையில் போன முதல் நாள் சாப்பாட்டை வண்டிக்காரர் பழக்கதோஷத்தில் பையோடு தூக்கி பானட்டில் வைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நல்ல பசி. பொறுமையில்லாமல் பையை உடனே பிரித்தார். டப்பாவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. வீட்டில் அடைத்துக் கொடுத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. மாலையில் உதிரிபாகக் கடைக்குப் போய் கிளிப்புகள் வாங்கிவந்து, பீரோவுக்குப் பின்னாலிருந்து மெத்தையை இழுத்துப்போட்டு மாட்ட ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் பஞ்சக்காவின் தொலைபேசி அடித்தது.

"சம்மந்தியம்மா, பத்தாவது ஓட்டை ஒரு விரல் தள்ளியிருக்கு. உங்க வேலையா?"

"என் வேலையா இருந்தா தள்ளியிருக்காது அண்ணா. அது ரெண்டாவது ஷிப்ட். அதனாலதான் கழிச்சிருக்கு. கத்தியால லேசா கீறிவிட்டா கிளிப் ஏறும்."

கீறினார். ஏறியது.

அந்த வாரம் அவர் மெக்கானிக்கிடம் போய், எஞ்சினில் பலம் குறைந்துவிட்டதுபோலத் தெரிகிறது, சத்தமே சரியாக வரவில்லை என்று முறையிட்டாராம். மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பலம் அப்படியேதான் இருக்கு. உங்க காதுக்குத்தான் லீவு கிடைச்சிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சம்மந்தியின் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆறு வருஷமாக வீட்டுக்குள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிற மாதிரித்தான் பேசுவாராம். இப்போது பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது என்றாள். மெத்தையால்தானா, புது மருமகள் வீட்டில் இருக்கிறாளே என்ற கூச்சமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எதுவாயிருந்தாலும், அவரோடு வண்டியில் முன்னால் உட்கார்ந்து மொத்தச் சந்தைக்குப் போய்வருகிற பழக்கம் அவளுக்கு மறுபடி வந்துவிட்டது. முன்பெல்லாம் தலைவலி வரும் என்று போகமாட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, மகள் கொடுத்தனுப்பிய மருந்துப் பொட்டலத்தைக் கொடுப்பதற்காக வண்டிக்காரர் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். சாப்பாட்டு இடைவேளை. பஞ்சக்கா வெளியே வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். நகராமல் நின்றாள்.

"அண்ணா, ஒரு தடவை பானட்டைத் தூக்கிக் காட்டுறீங்களா? மாட்டினப்புறம் நான் பாக்கவேயில்ல."

அவர் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார். பஞ்சக்கா குனிந்து, தலையைத் திருப்பி, வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பதுபோலப் பார்த்தாள். மேடும் பள்ளமுமாக அவள் அறிந்த அத்தனை வளைவும் தகட்டின் வளைவுகளோடு பொருந்தி உட்கார்ந்திருந்தன. ஒரு ஓரத்தில் இருந்த அரைவட்ட வெட்டு எதற்கென்று இத்தனை வருஷமாகத் தெரியாது. பானட்டின் கொக்கிக்கு வழிவிடத்தான் அது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க வாங்களேன்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

அச்சுக்காரி வந்தாள். பக்கத்து மேஜைக்காரி வந்தாள். பிசின் கலக்குபவர் சாப்பிட்ட கையோடு வந்தார். ஐந்து நிமிஷத்தில் இருபது பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். தாங்கள் வருஷக்கணக்காகச் செய்த பொருள் இருக்கிற இடத்தை அவர்களில் பலர் அன்றுதான் பார்த்தார்கள். "இவ்வளவு சின்ன இடத்துலயா இது போய் ஒட்டுது" என்றாள் அச்சுக்காரி. பிசின்காரர் எஞ்சினைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், மழைத்தண்ணீர் என்று சொன்னது நான் இல்லை என்பதுபோல நின்றுகொண்டார்.

கூட்டத்தைப் பார்த்ததும் வண்டிக்காரருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"பாத்துக்குங்க. நிழலோட அருமை வெயில்லதான் தெரியும்பாங்க. இது பானட்டுக்கு நிழல். பெயின்ட் சாகாது. சத்தம் அடங்கும். தீ புடிச்சாலும் இது கூட எரியாது. ஆனா எண்ணெய் குடிச்சு ஊறிப்போச்சுன்னா, கிழிஞ்சு தொங்குதுன்னா வச்சிருக்கக்கூடாது, புதுசு மாத்திரணும். இதெல்லாம் தெரியாம சில பேரு பிச்சு எறிஞ்சிடறான்."

இதில் பாதியை மெக்கானிக்கிடமும் மீதியைப் பஞ்சக்காவிடமும் கேட்டிருந்தார்.

"அப்போ நடுவுல ஏன் இவ்வளவு வெளுத்திருக்கு?" என்று பக்கத்து மேஜைக்காரி பானட்டின் மேல்பக்கத்தைத் தடவிக்கொண்டு கேட்டாள்.

வண்டிக்காரர் பஞ்சக்காவைப் பார்த்தார். பஞ்சக்கா வேறெங்கோ பார்த்தாள்.

"நடுவுல கொஞ்ச நாள் எலி கடிச்சு இல்லாம இருந்துச்சு" என்றார் அவர்.

"ஆமா, எலி" என்றாள் பஞ்சக்கா. "பொல்லாத எலி."

சங்கு ஊதியது. எல்லோரும் கலைந்து உள்ளே போனார்கள். வண்டிக்காரர் பானட்டை இறக்கி மூடிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வேகமாக வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று பஞ்சக்கா நினைத்தாள். அவர் மூடிய பானட்டையே ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பாக்கறதுக்குள்ள மூடிட்டீங்களே. ரெண்டாவது ஷிப்ட் ஆளுங்களும் பாக்கணும்னு கேப்பாங்க. அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருவீங்களா?"

வண்டிக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கைத்துணியால் பானட்டின் வெளுத்த வட்டத்தை ஒருமுறை துடைத்தார்.

"வரேன். அதுக்குள்ள இதுக்குப் பெயின்ட் அடிச்சிட்டே வரேன். எத்தனை மணிக்கு வரணும்னு சம்மந்தியம்மாகிட்ட சொல்லிவிடுங்க."